நாற்பதாம் நாள் சோறு

ஷார்ஜா தொழில்பேட்டையில் மக்தூமிடம் எதை வேண்டுமானாலும் ஆக்கச் சொல்லலாம். கல்யாணச் சோறு, பிள்ளை பிறந்த சோறு, லீவில் ஊருக்குப் போகிறவனை வழியனுப்பும் சோறு என்று எதற்கும் மறுப்பே கிடையாது. யாராவது இறந்து மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதினால் அதற்கும் அடுப்பு மூட்டுவார். நாற்பதாம் நாள் என்று யாராவது வாயெடுத்தால் மட்டும், கையிலிருக்கும் கரண்டியைத் தேக்சா அண்டாவின் மூடி மேல் வைத்துவிட்டு, "அதுக்கு வேற ஆளப் பாருங்க" என்று சொல்லி பீடி பற்றவைக்கப் போய்விடுவார். பதினைந்து வருஷமாக இதே கதைதான். சமையல் பண்டாரிக்கு ஏதோ நேர்ச்சை என்று சிலர் சொன்னார்கள். மற்றவர்கள் கிறுக்கு என்றார்கள். இரண்டையும் அவர் மறுக்கவில்லை.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் ஆகஸ்டில் உடையப்பன் வந்து கேட்டபோது அப்படி எழுந்து போக அவரால் முடியவில்லை. ஏனென்றால் இறந்தவன் ரிபாய்.

முகம்மது ரிபாய் கீழக்கரையில் மக்தூமின் தெருக்காரன். தகப்பன் இல்லாத பிள்ளை. "மாமா, என்னையும் ஒரு வேலைக்கு எடுத்து விடுங்க" என்று லீவில் போகும்போதெல்லாம் வந்து நின்றவன். மக்தூம் மெஸ் சமையல் பார்த்த இரும்பு ஃபேக்டரியில்தான் அவனுக்கும் விசா வாங்கிக் கொடுத்தார். வெல்டிங் ஷெட்டில் வேலை. கூரையும் தகரம், சுவரும் தகரம். ஜூலை மாதத்து நண்பகலில் அந்த ஷெட்டுக்குள் நிற்பது அடுப்புக்குள் நிற்பதற்குச் சமானம். கம்பெனியில் எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள், மத்தியானம் இரண்டு மணி நேரமாவது வேலையை நிறுத்துங்கள் என்று. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரிபாய் ஒரு நாள் மத்தியானம் நின்ற இடத்திலேயே சரிந்தான். காகிதத்தில் நெஞ்சுவலி என்று எழுதிப் பெட்டியை ஊருக்கு அனுப்பினார்கள்.

"பாய், ரிபாய்க்கு நாப்பது வருது. வெள்ளிக்கெழமையாப் பாத்து விழுந்துருக்கு. கேம்ப்லயே செஞ்சிரலாம்னு பசங்க சொல்றாங்க" என்றான் உடையப்பன். பரமக்குடிப் பக்கத்துக்காரன். கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்பில் ரிபாயோடு ஒரே ரூமில், மேல் கட்டிலில் படுத்தவன். "எங்காளுகளுக்கு இதெல்லாம் தெரியாது. ஆனா அவனுக்கு அவன் முறைப்படி செய்யணும்ல. நீங்கதான் ஆக்கணும்."

மக்தூம் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. "பாப்பம்" என்றார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து உடையப்பன் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் போய்விட்டான்.

மக்தூமின் பயம் ஷார்ஜாவில் பிடித்தது அல்ல, ஈரானில் பிடித்தது. அங்கே போய்விட்டு வந்தால்தான் மீதிக் கதை புரியும்.

எழுபத்தாறில் அவர் ஈரானுக்குப் போனபோது வயது இருபத்தெட்டு. அன்றைக்கு ஈரான் சம்பளத்துக்கு முன்னால் துபாய் சம்பளம் ஒன்றுமே இல்லை. தெற்கே ஓர் எண்ணெய் ஊரில், சுத்திகரிப்பு ஆலைக்கு வேலை எடுத்துச் செய்த ஒரு கம்பெனியின் கேன்டீனில் சமையல்காரர். சாப்பாட்டுக் கூடத்தில் மன்னர் ஷாவும் ராணியும் கதவைவிடப் பெரிய படத்தில் நின்றார்கள். படத்துக்கு நேர் கீழே ரொட்டி அடுப்பு. அதில் ரொட்டி சுட்டவன் யதுல்லா. மக்தூமின் வயதுதான் இருக்கும். ஒல்லி, வாய் மட்டும் நீளம். காலையில் வந்ததும் மாவு ஒட்டிய கையாலேயே படத்துக்கு ஒரு சலாம் வைப்பான். பார்க்கிறவனுக்கு அது மரியாதையா கிண்டலா என்று தெரியாது. தெரியாமல் வைக்கக் கற்றுக்கொண்டவன்தான் அந்த நாட்டில் பிழைத்தான். ஷாவின் கட்சியைத் தவிர வேறு கட்சி கிடையாது, பத்திரிகையில் உண்மை கிடையாது, ரகசியப் போலீஸ் எந்த மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறது என்று யாருக்கும் தெரியாது. நாட்டு எண்ணெயெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டவனைக் காணாமல் போகச் செய்யத் தெரிந்த அரசாங்கம் அது.

எழுபத்தெட்டின் தொடக்கத்தில் வடக்கே கும் நகரத்தில் மதப்பள்ளி மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். சிப்பாய்கள் சுட்டதில் சிலர் இறந்தார்கள். நாற்பதாம் நாள் அவர்களுக்காகத் தப்ரீஸ் நகரத்தில் துக்கம் அனுசரித்தார்கள். அங்கேயும் சுட்டார்கள். தப்ரீஸில் இறந்தவர்களுக்கு நாற்பதாம் நாள் இன்னும் பல ஊர்களில் துக்கம் அனுசரிக்க, அங்கேயும் பிணம் விழுந்தது. எல்லாக் கூட்டத்துக்கும் தடை போட்ட அரசாங்கத்தால் இழவுக்குத் தடை போட முடியவில்லை. அந்தச் சந்தில்தான் ஜனங்கள் நுழைந்தார்கள். நாற்பது நாளுக்கு ஒருமுறை நாடு எழுந்து நின்றது.

இந்த அரசியல் ஒன்றும் மக்தூமுக்குத் தெரியாது. ஒரு நாள் மாலை யதுல்லா அடுப்பை அணைத்துக்கொண்டே சொன்னான், "நாளைக்கு எங்கள் மசூதியில் நாற்பது. வடக்கே இறந்துபோன பிள்ளைகளுக்காக." இதைச் சொன்னது உருதும் பாரசீகமும் கலந்து அவர்கள் இருவரும் தங்களுக்கென்று உண்டாக்கிக்கொண்ட ஒரு பாஷையில்.

கீழக்கரைக்காரனிடம் நாற்பது என்றால் அவன் என்ன நினைப்பான்? ஓதுவார்கள், துஆ கேட்பார்கள், வந்தவர்களையெல்லாம் உட்காரவைத்து வயிறாரச் சோறு போடுவார்கள். இறந்தவனுக்கு நன்மை சேரும். மக்தூமும் அதைத்தான் நினைத்தார். முன்பின் தெரியாத பிள்ளைகள்தான், ஆனாலும் தன்னால் ஆனது இருக்கட்டும் என்று கைக்காசு போட்டு அரிசியும் நெய்யும் ஆட்டுக்கறியும் வாங்கினார். கேன்டீனின் பெரிய தேக்சாவில் நெய்ச்சோறு ஆக்கினார். கை வண்டியில் ஏற்றி, யதுல்லா முன்னால் இழுக்க, தான் பின்னால் தள்ளிக்கொண்டு மசூதி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தார். யதுல்லா வழியெல்லாம் சிரித்தான். என்ன விஷயம் என்று மட்டும் சொல்லவில்லை.

உள்ளே ஒருவர் பேசினார். கூட்டம் அழுதது. பிறகு கத்தியது. பிறகு அப்படியே எழுந்து வாசலை நோக்கி வந்தது. மக்தூம் கரண்டியோடு குறுக்கே நின்றார். "சாப்புட்டுட்டுப் போங்க! உக்காருங்க! நாப்பது வீட்டுல சாப்புடாமப் போவாங்களா?" என்று தமிழில் கத்தினார். முழு மசூதியும் அவரைச் சுற்றிக்கொண்டு தெருவுக்குப் போனது. ஒருத்தனும் சோற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இவ்வளவு மரியாதை கெட்ட துக்க வீட்டை அவர் தன் ஆயுளில் பார்த்ததில்லை.

தெரு முனையில் லாரிகள் வந்து நின்றன. சுட்டார்கள். எல்லாரும் ஓடினார்கள், மக்தூமும் ஓடினார். ஒரு சந்தில் ஒதுங்கி மூச்சு வாங்கும்போது யதுல்லா கேட்டான், "தேக்சா?" கம்பெனி தேக்சா அது. போய்விட்டால் மக்தூமின் வேலையும் போய்விடும். வேண்டாம் என்று மக்தூம் சட்டையைப் பிடித்து இழுப்பதற்குள் அவன் திரும்பி ஓடிவிட்டான். சூடு அடங்கி ஜனங்கள் வெளியே வந்தபோது மசூதி வாசலில் தேக்சாவுக்குப் பக்கத்திலேயே கிடந்தான்.

அவன் தாயார் மக்தூமைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கேன்டீனுக்கு வந்து, தன் மகன் நாற்பதுக்கும் அந்தச் சோற்றையே ஆக்கித் தர வேண்டும் என்று கேட்டாள். ஆக்கிக் கொடுத்தார். அன்றைக்கு முன்னதைவிட மூன்று மடங்கு கூட்டம். மறுபடி லாரி, மறுபடி சூடு, இந்தத் தடவை மூன்று பேர். அன்றோடு மக்தூமுக்கு மனதில் ஒன்று விழுந்துவிட்டது. நான் நாற்பதுக்கு அடுப்பு மூட்டினால் அந்தச் சோறே இன்னொரு நாற்பதைப் பெற்றுப்போடுகிறது என்று. ஒரு நாடே நாற்பதுக்கு நாற்பது செத்துக்கொண்டிருந்தபோது இவர் தேக்சாவா அதற்குக் காரணம்? படித்தவர்கள் சிரிப்பார்கள். தேக்சாவைக் கழுவியவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்கப்புறம் காரியங்கள் வேகமாக நடந்தன. இலையுதிர் காலத்தில் எண்ணெய் ஊழியர்கள் வேலையை நிறுத்தினார்கள். துப்பாக்கியால் ஆளைச் சுடலாம், வால்வைத் திறக்க வைக்க முடியுமா? நாட்டுக்குள் அடுப்பெரிக்க வேண்டிய அளவுக்குத்தான் எண்ணெய் எடுப்போம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். ஷாவின் கஜானா வற்றியது. கேன்டீனுக்கு அரிசி வேண்டுமென்றால் அதுவரை வெள்ளைக்கார மேனேஜரைக் கேட்க வேண்டும். இப்போது வேலைநிறுத்தக் கமிட்டியைக் கேட்க வேண்டியிருந்தது. மேனேஜர் ஒரு நாள் பெட்டியோடு விமானம் ஏறினார். ஜனவரியில் ஷாவும் ஏறினார். அன்று ஊரே தெருவில் ஆடியது. கார்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஹாரன் அடித்தன. சாப்பாட்டுக் கூடத்துப் படத்தை இறக்கியபோது பின்னாலிருந்த சுவர் மட்டும் வெள்ளையாக இருந்தது, மற்றதெல்லாம் புகை. பிப்ரவரியில் பட்டாளம் பாரக்ஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்து ராஜாங்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தது, ஒரே வருஷத்தில் முடிந்துவிட்டது.

ராஜா போனால் அவர் இடத்தில் என்ன வரும் என்பதை மக்தூம் கேன்டீனில் இருந்தபடியே பார்த்தார். தெருவுக்குத் தெரு துப்பாக்கியோடு இளவட்டங்கள் காவல் நின்றார்கள். ரொட்டிக்கும் மண்ணெண்ணெய்க்கும் அவர்களே வரிசை வைத்தார்கள். ஆலையில் தொழிலாளர் சபை ஒன்று அமைத்தார்கள். அதற்கு ஆள் தேர்ந்தெடுக்கக் கேன்டீனில்தான் கூட்டம். கை தூக்கச் சொன்னபோது மக்தூமும் தூக்கினார். வெளிநாட்டான் கை தூக்கலாமா என்று யாரும் அன்றைக்குக் கேட்கவில்லை. மார்ச் கடைசியில் நாடு முழுவதும் வாக்கெடுப்பு. இஸ்லாமியக் குடியரசு வேண்டும் என்றால் பச்சைச் சீட்டு, வேண்டாம் என்றால் சிவப்பு. பச்சை குவிந்தது. கொஞ்ச நாளில் தலைநகரிலிருந்து ஒருவர் நியமனமாகி வந்தார். தொழிலாளர் சபை உட்கார்ந்த மேசையில் அவர் உட்கார்ந்தார். கை தூக்கித் தேர்ந்தெடுத்த ஆட்களில் இரண்டு பேரைக் காணோம். மக்தூம் கேட்கவில்லை. கேட்கக் கூடாத காலம் மறுபடி வந்துவிட்டது என்பதைச் சமையல்காரன் சாப்பிட வருகிறவர்களின் பேச்சுக் குறைவதிலிருந்தே கண்டுபிடித்துவிடுவான்.

யதுல்லாவின் தெருவுக்குப் புதிய அரசாங்கம் அவன் பெயரையே வைத்தது. அவன் தாயாருக்கு எழுத்து தெரியாது. மக்தூமைக் கூட்டிக்கொண்டு போய் பலகைக்குக் கீழே நிறுத்தி, "சரியாகத்தான் எழுதியிருக்கிறார்களா?" என்று கேட்டாள். சின்ன வயதில் மதரசாவில் அரபு எழுத்துப் படித்தவருக்கு அதை வாசிக்க முடிந்தது. "யதுல்லா" என்று வாசித்தார். அவள் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். வாசித்தார். மூன்றாவது தரம் கேட்டபோது விரலை நீட்டி ஒவ்வொரு எழுத்தாகக் காட்டினார்.

எண்பதில் ஈராக்கோடு சண்டை மூண்டது. குண்டு விழுகிற ஊரில் யாருக்குச் சமைப்பது? ஒரு லாஞ்சில் ஏறித் துபாய்க்கு வந்து, அங்கிருந்து ஷார்ஜா கேம்ப் அடுப்புக்கு வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து நாற்பது என்றால் பீடிதான்.

இப்போது ரிபாயின் நாற்பதுக்கு இரண்டு நாள் முன்னால் கேம்ப் பாஸ் சிவசங்கரன் அடுப்படிக்கு வந்தார். நாகர்கோவில்காரர். கம்பெனிக்கும் ஆட்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிற வேலை அவருக்கு. கெட்ட மனுஷர் இல்லை.

"பாய், ஒளிச்சு மறைச்சுப் பேசல. விஷயம் ஆபீஸ் வரைக்கும் போயாச்சு. நாலு கேம்ப் ஆளும் வரப் போறதா பேச்சு. வந்தவனுவ ஷெட்டு, வெயிலுன்னு ஆரம்பிச்சா போலீசு வரும். வந்தா எல்லாவனுக்கும் விசா கேன்சல்தான், மூட்டையக் கெட்ட வேண்டியதுதான். நீரு அடுப்ப மூட்டலைன்னா ஒருத்தனும் வர மாட்டான். நல்லா யோசிச்சுக்கிடும். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா உம்ம சோத்தாலதான் ஆச்சுன்னு ஆயிரும்."

மக்தூம் அதுவரை ஆக்குவதில்லை என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் பதினேழு வருஷமாகத் தன்னைத்தானே சொல்லிச் சொல்லி நோகடித்துக்கொண்ட அதே பேச்சை இன்னொருத்தர் வாயால் கேட்டபோது, அது எவ்வளவு அநியாயமான பேச்சு என்று அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. நெஞ்சு கொதித்தது.

"சோறு ஆளக் கொல்லுமாய்யா?" என்று கத்தினார். கேம்ப் முழுக்கக் கேட்டது. "தகரக் கொட்டாய்க்குள்ள போட்டு அவிச்சவனக் கேக்க மாட்டிய. பசிக்கு ஆக்கிப் போடுறவனக் கேப்பியளோ? என் சோறு யாரையும் கொல்லல. அங்கயும் கொல்லல, இங்கயும் கொல்லல!"

அங்கேயும் என்றால் எங்கே என்று சிவசங்கரனுக்குப் புரியவில்லை. புரியாமலே போய்விட்டார்.

கத்திவிட்டாரே தவிர பயம் போகவில்லை. வெள்ளிக்கிழமை களைந்த அரிசியையே மறுபடி களைந்தார். கறியில் இரண்டு தரம் உப்புப் போடப் போனவரை உடையப்பன் தடுத்தான்.

ஜும்மா முடிந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எங்கிருந்துதான் வந்தார்களோ! பட்டாணியர், வங்காளிகள், மலையாளிகள், தெலுங்கர்கள், பக்கத்துக் கராஜ் ஆட்கள் எல்லாருமாகக் கேம்ப் முற்றம் கொள்ளவில்லை. ஒரு மோதினார் வந்து ஓதினார். துஆ கேட்டார்கள். யாரும் பேசவில்லை, யாரும் கத்தவில்லை. பிறகு மக்தூம், "உக்காருங்க" என்றார். இந்தத் தடவை எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

கீழக்கரையில் விருந்தென்றால் சஹன் வைப்பார்கள். பெரிய தாலத்தில் சோற்றைக் குவித்து, நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தாலத்தில் கை வைத்துச் சாப்பிடுவது. கேம்பில் அத்தனை தாலம் ஏது? ஃபேக்டரித் தகட்டைக் கழுவி, மேலே வாழையிலைக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தாள் விரித்துச் சோற்றைக் கொட்டினார்கள். அடுத்தவன் எச்சில் என்று சிலர் முதலில் தயங்கினார்கள். பிறகு உடையப்பன் கை வைத்தான், அவனுக்கு எதிரே ஒரு பெஷாவர்க்காரன் கை வைத்தான். இருநூறு பேருக்கு மேல் சாப்பிட்டார்கள். சோற்றில் கையை வைத்தபடியே உடையப்பன் சொன்னான், "அவன் விழுந்த நேரம் வந்தா, வேலையப் போட்டுட்டுச் செத்த நேரம் வெளிய போய் உக்காருவோம். வேற ஒண்ணும் வேணாம்." அதை ஒருத்தன் இந்தியில் சொன்னான், இன்னொருத்தன் வங்காளத்தில் சொன்னான். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுக் கலைந்தார்கள். தேக்சாவில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

சனிக்கிழமை வழக்கம்போல பஸ் ஏறி டியூட்டிக்குப் போனார்கள். மத்தியானம் ஆனதும் வெல்டிங் ஷெட்டில் அத்தனை பேரும் கருவியை வைத்துவிட்டு வெளியே வந்து சுவர் நிழலில் உட்கார்ந்தார்கள். கோஷம் இல்லை, கல் இல்லை. மூன்று மணிக்கு எழுந்து போய் வேலையைப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மற்ற ஷெட்டுகளும் சேர்ந்துகொண்டன. செவ்வாய்க்கிழமை ஆபீஸிலிருந்து ஆள் வந்து, கோடை முடியும்வரை மத்தியானம் ஷெட்டைப் பூட்டிவிடுவதாகச் சொன்னார்.

கேட்டதைக் கொடுத்தாயிற்று. ஆனால் யாரையாவது பிடிக்க வேண்டுமே. யார் தலைவன் என்று கேட்டார்கள். தலைவன் என்று யாருமில்லை. கூட்டம் போட்டது யார்? கூட்டமே இல்லை, நாற்பது. சரி, சோறாக்கியது யார்? அதற்கு மட்டும் பதில் இருந்தது.

மக்தூமின் விசாவைக் கேன்சல் செய்தார்கள். சிவசங்கரன்தான் ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போனார். இறங்கும்போது, "நான் மொதல்லயே சொன்னேம்லா பாய்" என்றார். கண் கலங்கியிருந்தது. மக்தூம் அவர் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார். ஒரே ஒரு பெட்டி.

கீழக்கரையில் அவர் பெண்சாதி அஸ்மத் பீவி புலம்பித் தீர்த்துவிட்டாள். இருபது வருஷம் பாடுபட்ட மனுஷன் சம்பளம் இல்லாமல் வந்து நிற்கிறாரே என்று அவளுக்குக் கவலை. மக்தூமின் கவலை அதுவல்ல. காலையில் எழுந்ததும் தெரு முனையிலிருந்த பலசரக்குக் கடைக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். அந்தத் தெருவுக்கு அரபு நாட்டிலிருந்து வரும் போனெல்லாம் அந்தக் கடைக்குத்தான். தேதியை யாரிடமும் கேட்க மாட்டார். ஆனால் மனதுக்குள் நாள் எண்ணிக்கொண்டிருந்தார். கேம்பில் சோறாக்கிய நாளிலிருந்து இன்னொரு நாற்பது கழிய வேண்டும். அதற்குள் போன் வந்தால் யார் பெயரோடு வருமோ என்று, மணி அடிக்கும்போதெல்லாம் எழுந்து நின்றார்.

போன் வந்தது நாற்பதும் கழிந்து, அக்டோபர் பாதியில். கடைக்காரர் மீராசா எடுத்து, "ஷார்ஜாவுலேருந்து, உங்களுக்குத்தான்" என்றார். உடையப்பன் குரல்.

"பாய்! எப்படி இருக்கீங்க? காசு ஏதும் வேணுமா? பசங்க சேத்து வச்சிருக்கோம்..."

"அத விடு. அங்க யாருக்கும் எதுவும் ஆச்சா?"

"யாருக்கு பாய்?"

"கேம்புல. ஃபேக்டரியில. யாராச்சும் மவுத்தா போனாங்களா? மறைக்காம சொல்லு."

"என்ன பாய் இப்படிக் கேக்குறீங்க? யாருக்கும் ஒண்ணும் இல்ல. எல்லாரும் இருக்கோம். மத்தியானம் ஷெட்டப் பூட்டுனதும் சொவரோரம் படுத்துத் தூங்குறோம். வெயில் கொறஞ்சுருச்சு, இன்னும் பூட்டத்தான் செய்யிறாங்க. அடுத்த வருசமும் உண்டுன்னு சொல்லியிருக்காங்க. பாய்? கேக்குதா பாய்?"

கேட்டது. மக்தூம் ரிசீவரைக் கல்லாவின் மேல் வைத்துவிட்டு அங்கிருந்த அரிசி மூட்டையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதார். மீராசா பதறிப்போய் வெளியே வந்து அவர் கையைப் பிடித்தார்.

"என்ன மக்தூம் காக்கா? யாரு மவுத்து?"

"யாருமில்லடா" என்றார் மக்தூம். "யாருமே இல்ல. எல்லாரும் இருக்காங்களாம்."